சொந்த ஊர் எழுதும் இடம்

சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலைக் காட்டில் யாரையாவது நிறுத்தி, உங்கள் ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். நிற்கிற மண்ணின் பெயர் அவர் வாயில் வராது. சங்கரன்கோயில் என்பார், கயத்தாறு என்பார், கம்பத்துக்குக் கிழக்கே என்பார். பிறந்தது தொழிலாளர் வீட்டு வரிசையில் நாலாம் லயமாக இருக்கும். ஞானஸ்நானம் வாங்கியது மேட்டிலிருக்கும் தகரக் கோயிலாக இருக்கும். விழுந்த பால்பல்கூட ஏதோ ஒரு தேயிலைத் தூருக்கடியில்தான் கிடக்கும். ஆனால் ஊர் என்றால் அது மலைக்கு அந்தப் பக்கம், பாட்டன் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்ட இடம். இதில் பொய் ஒன்றும் இல்லை. லயம் கம்பெனியுடையது, போர்த்துகிற கம்பளி கம்பெனி கொடுத்தது, எரிக்கிற விறகும் கம்பெனி அளந்து போடுவது. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள மனிதனுக்கு ஒரு பெயராவது வேண்டாமா?

சூசையப்பனுக்கு அந்தப் பெயர் பனைவிளை. சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிச் செம்மணல் மேட்டில் இருக்கிற ஊர். சின்ன வயதில் அப்பன் தோளில் உட்கார்ந்து ஒரு தடவையும், கல்யாணமான வருஷம் மாதா திருநாளுக்கு ஒரு தடவையும் போயிருக்கிறார். அவ்வளவுதான். அதற்கே, "எங்க ஊர்ப் பக்கம் கருப்பட்டி இப்படியா இருக்கும்?" என்று கடையில் நின்று சண்டை பிடிப்பார். கவ்வாத்து வேலையில் கெட்டிக்காரர். வளர்ந்துவிட்ட செடியை இடுப்பளவுக்குக் கத்தியால் வெட்டி ஒதுக்குகிற வேலை அது. வெட்டு சரிந்து ஒரே வீச்சில் விழ வேண்டும், பட்டை பிளந்தால் செடி பட்டுப்போகும். முப்பத்தைந்து வருஷமாக வெட்டியதில் அவருடைய வலது தோள் இடதைவிட இறங்கிப் போயிருந்தது.

அந்த வருஷம் செப்டம்பரோடு அவருக்கு ஓய்வு. லயத்தின் சட்டம் ஒன்றுதான். வீட்டில் ஒருவருக்காவது எஸ்டேட்டில் பேர் இருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி பண்ண வேண்டும். மனைவி மதலேனம்மாள் இருமலும் இளைப்புமாகி எப்போதோ பேரை வெட்டிக்கொண்டவள். முந்திப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மிச்சம் இருந்தது சிசிலி. பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அம்மா வளர்த்த ஆடுகள் இரண்டும் டைப்ரைட்டிங் பீசாகப் போக, மூணாறு வரை போய்வந்து இங்கிலீஷ், தமிழ் இரண்டிலும் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள்.

அப்பா பேரை அவள் வாங்கிக்கொண்டால் வீடு நிற்கும். ஆனால் ஒரு தடவை பேர் போட்டவள் கூடையை இறக்க முடியாது. இறக்கினால் அன்றைக்கே வீடு போகும். அம்மாவையும் அப்பாவையும் முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்துக்கு ஏறியது மாதிரிதான். வெளியில் ஒரு வேலை கிடைத்துவிட்டால், வாடகைக்கு ஒரு அறை பிடித்து மூன்று பேரும் இறங்கிவிடலாம். ஆக, செப்டம்பருக்குள் வேலை. அந்த வீட்டில் ஜெபம் முழுக்க அதுவாகத்தான் இருந்தது.

இடுக்கி என்று ஜில்லா பிரித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புதுப் புது ஆபீஸ்கள் திறந்தார்கள். அதில் ஒரு சர்க்கார் ஆபீசில், பேர் இங்கே வேண்டாம், தமிழ் தெரிந்த டைப்பிஸ்ட் ஒருவர் தேவை என்று பேப்பரில் போட்டிருந்தது. பயோடேட்டாவோடு விண்ணப்பிக்க வேண்டுமாம். எஸ்டேட் ஆபீசில் ரைட்டராக இருந்த சிலுவைராஜ் அந்தப் பேப்பரைச் சட்டைக்குள் மடித்து வைத்து, நனையாமல் கொண்டுவந்து கொடுத்தான். லயத்தில் யாருக்கு என்ன எழுத வேண்டுமென்றாலும் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எழுத உட்கார்ந்தார்கள். காலவருஷ மழை பிடித்து மூன்று நாளாகத் தகரத்தில் இடைவிடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்தது. அம்மியில் காந்தாரி மிளகாயும் உப்பும் நசுக்கி வைத்திருந்தது. அடுத்த வீட்டுச் சுருளியம்மாள், கம்பத்துக்காரி, அடுப்புச் சூட்டுக்காக வந்து நடையில் குந்தியிருந்தாள். சூசையப்பன் மூலையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"மேல பயோடேட்டான்னு பெருசா எழுதி அடியில கோடு போடு," என்றான் சிலுவைராஜ்.

"கோடு எதுக்குண்ணே?"

"கோடு போட்டாத்தான் மதிப்பு. கோடு இல்லாத அபேட்சை மனுவ எவனும் ஏறெடுத்துப் பாக்கமாட்டான். ரெண்டு கோடாவே போடு."

பேர், அப்பா பேர், வயது, படிப்பு எல்லாம் சுருக்கில் முடிந்தன. முன் அனுபவம் என்ற இடத்தில் வண்டி நின்றது.

"கொழுந்தெடுத்துருக்கால்லா?" என்றாள் மதலேனம்மாள். "பள்ளிக்கூடம் லீவு விட்டப்பல்லாம் எடுத்தாளே. அத எழுதுங்க."

"சித்தி, கொழுந்துன்னு எழுதினா கொழுந்துக்கே போன்னு அனுப்பிருவான்."

"ஏன்? கை வேகமாப் போவும்னு அவனுக்குத் தெரியட்டும். டைப்படிக்கதும் கை வேலதான?"

சிசிலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிலுவைராஜும் சிரித்தான். மதலேனம்மாளுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. கடைசியில், மூணாறு இன்ஸ்டிடியூட்டில் ஆறு மாதம் உதவிக்கு இருந்ததாக ஒரு வரி எழுதினார்கள். அங்கே அவள் கூட்டிப் பெருக்கி, ரிப்பன் மாற்றிக் கொடுத்தது உண்மைதான்.

"அடுத்தது பொழுதுபோக்கு."

"அப்படின்னா?"

"வேலை இல்லாத நேரத்துல என்ன செய்வான்னு கேக்கான்."

சுருளியம்மாள் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள். "வேலை இல்லாத நேரமா? அது எந்த லயத்துல யாருக்கு இருக்குன்னு சொல்லுய்யா, நானும் ஒரு எட்டுப் போயி பாத்துட்டு வாரேன்."

"புத்தகம் வாசிக்கதுன்னு போடுவோம்."

"பூசைப் புத்தகம் வாசிக்கால்லா," என்றாள் மதலேனம்மாள், பொய் இல்லை என்ற திருப்தியோடு. பேசியதில் இருமல் வந்துவிட்டது. அது அடங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

சிசிலி பேனாவை நிறுத்தினாள். "சொந்த ஊருக்குச் சூரியநெல்லின்னு போடட்டுமாப்பா?"

கத்தி தீட்டுகிற சத்தம் நின்றது. இங்கிலீஷ் விவகாரம், தனக்கு இதில் என்ன என்று அதுவரை இருந்தார் சூசையப்பன்.

"சூரியநெல்லி ஒனக்கு ஊராட்டி?"

"பொறந்தது இங்கதானப்பா."

"மாட்டுத் தொழுவத்துலயும்தான் புள்ள பொறக்கும். அதுக்காவ தொழுவத்த ஊருன்னு சொல்லுவியா? இது கம்பெனி எடம். நாளைக்கு எறங்குன்னா எறங்கணும். நமக்குப் பனைவிளைன்னு ஒண்ணு இருக்கு. எங்கப்பன் வீடு இருந்த எடம் இருக்கு. நம்ம ஆளுவ கல்லறை இருக்கு. அத எழுது."

"இந்த வேலை இந்த ஜில்லாவுல இருக்குப்பா. அதான் யோசிக்கேன்."

"ஊரு பேரு இல்லாம எழுதினா, நாடோடின்னுல்லா நெனைப்பான்? எங்கேருந்து வந்தான்னு தெரியாதவள எவன் வேலைக்கு வைப்பான்? நாலு எடத்துல மதிப்பா நிக்கணும்னா ஊரச் சொல்லணும்."

சிசிலி சிலுவைராஜைப் பார்த்தாள். அவன் தாடையைச் சொறிந்தான். "சித்தப்பா சொல்லுதது சரிதான். நேட்டிவ் பிளேஸ்னா பூர்வீகம். எங்க ஆபீஸ் ரோல் புஸ்தகத்துலயும் எல்லாருக்கும் அப்படித்தான எழுதியிருக்கு. ஒரு ஆளுக்குக்கூடச் சூரியநெல்லின்னு கெடையாது."

அப்படித்தான் எழுதினாள். பனைவிளை, திருநெல்வேலி ஜில்லா. சூசையப்பன் எழுந்து வந்து, எழுத்து தெரியாவிட்டாலும், அது எந்த வரி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, விரலால் தொடாமல் மேலாகக் காட்டிப் பார்த்தார். பிறகு கிழங்கு சாப்பிட்டார்கள். நன்றாக வெந்திருந்தது.

*

ஆகஸ்டில் நேர்முகத்துக்குக் கார்டு வந்தது. மழையில் ரோடு இடிந்து கிடந்ததால் அப்பாவும் மகளும் விடிவதற்கு முன்னே புறப்பட்டுப் பாதி வழி நடந்து பஸ் பிடித்தார்கள். ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து சிசிலி காலில் ஒட்டியிருந்த அட்டைகளை உப்புப் பொட்டலத்தால் தொட்டுத் தொட்டு உதிர்த்தாள். பாவாடை ஓரத்தில் ரத்தம் பட்டுவிட்டது. அதை மடித்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

டைப் அடிக்கச் சொன்னார்கள். வந்த ஆறு பேரில் அவள்தான் முதலில் முடித்தாள். தமிழ் மனு ஒன்றைக் கொடுத்து அதையும் அடிக்கச் சொன்னார்கள். மற்ற ஐந்து பேரும் தமிழ் மெஷினைத் தொட்டுப் பார்த்து விட்டுவிட்டார்கள். ஆபீசர் நல்ல மனிதர், கோட்டயம் பக்கத்துக்காரர். தாளைக் கையில் வாங்கிப் பார்த்து, "நன்னாயிட்டுண்டல்லோ" என்று சந்தோஷப்பட்டார். அந்த ஆபீசுக்கு வருகிற மனுக்களில் பாதி தமிழில்தான் இருக்கும், படிக்க ஆள் இல்லை. இவள் கிடைத்தது அவருக்கே பெரிய காரியமாகத்தான் இருந்தது. அதன் பிறகுதான் பயோடேட்டாவைப் புரட்டினார்.

"மோளே, நாடு திருநெல்வேலியோ?"

"ஆமா சார்," என்றாள் சிசிலி. கேட்டால் அப்படித்தான் சொல்லிப் பழக்கம்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த வேலை இந்த ஸ்டேட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்.

"நான் பொறந்தது சூரியநெல்லி சார். அப்பா பொறந்ததும் அங்கதான்."

"பின்னே எந்தினா இங்ஙனே எழுதியது?"

ஏன் இப்படி எழுதினாய் என்கிறாரே என்று அவள் அந்த வரியைத் திரும்ப வாசித்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இடத்தைப் பதினைந்து நாள் நிறுத்தி வைப்பதாகவும், வில்லேஜ் ஆபீசில் இந்த ஊர்க்காரிதான் என்று சர்ட்டிபிக்கட் வாங்கி வரும்படியும் சொன்னார். வெளியே சூசையப்பன் வெள்ளைச் சட்டையோடு, ஈரம் காயாமல், எழுந்து நின்றார். "என்னட்டி சொன்னாவ?"

"டைப் நல்லாருக்குன்னு சொன்னாவப்பா," என்றாள். மிச்சத்தைப் பஸ்ஸில் சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வில்லேஜ் ஆபீசில் வரி ரசீது கேட்டார்கள். லயத்தில் இருக்கிறவனுக்கு ஏது நிலம், ஏது வரி? அப்படியானால் எஸ்டேட்டில் எழுதி வாங்கி வா என்றார்கள். எஸ்டேட்டில் மானேஜர் தொரையின் கையெழுத்தோடு கடுதாசி கிடைத்தது. ரோலில் உள்ளபடி எழுதியிருந்தது: சூசையப்பன், கவ்வாத்து, சொந்த ஊர் பனைவிளை, திருநெல்வேலி ஜில்லா. வில்லேஜ் ஆபீசர் அதைப் படித்துவிட்டு, நேர்முகத்தில் திருப்பிக் கொடுத்த பயோடேட்டாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். "நிங்களே எழுதியிருக்கு. கம்பெனியும் எழுதியிருக்கு. ஞான் மட்டும் மாத்தி எழுதணுமோ?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் இதில் பெரிய கொடுமை.

"அந்த ஊருக்காரர் அல்ல என்னு அவிடெ நின்னு எழுதி வாங்கி வந்தால் நோக்காம்," என்றார் கடைசியில், ஆளை அனுப்பி வைக்கிற தோரணையில்.

சூசையப்பன் அதைப் பிடித்துக்கொண்டார். தாம் பனைவிளைக்காரன் இல்லை என்று பனைவிளையிலேயே எழுதி வாங்க, மூன்றாவது தடவையாக ஊருக்குப் புறப்பட்டார். போடிமெட்டு இறங்கி, மதுரை போய், திருநெல்வேலி போய், அங்கிருந்து தேரிக்கு. மதலேனம்மாள் துணியில் அவல் கட்டிக் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் திரும்பி வந்தார். கம்பளியை உதறிப் போட்டுவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தார். சிசிலி பால் இல்லாத கட்டன் சாயா கொடுத்தாள். சுருளியம்மாளும் நடையில் வந்து நின்றாள்.

"நம்ம வீடு இருந்த எடத்துல பனை ஓலை அடுக்கி வச்சிருக்கான்," என்றார்.

"யாரு?"

"எங்க பெரியப்பா பேரன். மிக்கேல்னு பேரு. யாருன்னு கேட்டான். சொன்னேன். உள்ள கூப்புட்டு உக்கார வச்சு, கருப்பட்டிக் காப்பி குடுத்தான். அவன் பொஞ்சாதி கதவுக்குப் பின்னாலயே நிக்கா. காப்பியக் குடிச்சு முடிக்கேன், 'பங்கு கேட்டு வந்தீயளா'ன்னு கேக்கான்."

மதலேனம்மாள் மார்பில் கை வைத்துக்கொண்டாள். "நீரு என்ன சொன்னீரு?"

"பங்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்யா, நான் இந்த ஊருக்காரன் இல்லன்னு ஒரு எழுத்து வேணும்னேன். அதுக்கு மேல அவனுக்கு வந்த சந்தோசத்தப் பாக்கணுமே. செருப்பக்கூட மாட்டாம என்னக் கூட்டிக்கிட்டு கிராம முன்சீப்பு வீட்டுக்கு ஓடுதான். 'எழுதிக் குடும்யா, இவாளுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, நான் சாட்சிக் கையெழுத்துப் போடுதேன்'ங்கான்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"முன்சீப்பு எழுதினாவளா?"

"அவரு கணக்கப் பாத்தாரு. எங்கப்பன் பேரு இல்ல. தாத்தன் பேரும் இல்ல. 'இருக்கவனுக்கு இருக்கான்னு எழுதலாம். இல்லாதவனுக்கு இல்லன்னு எழுத எனக்கு அதிகாரம் கெடையாது. அப்படி எழுதணும்னா ஒலகத்துல உள்ள அம்புட்டுப் பேருக்கும்லா எழுதணும்'னு சொல்லிட்டாரு. நல்ல மனுசன்தான். மோரு குடுத்தாரு."

"கல்லறைக்குப் போனீரா?"

"போனேன். எதுன்னு தெரியல. எல்லாம் மணலா இருந்துச்சு."

சூசையப்பன் அழுது அன்றுவரை சிசிலி பார்த்ததில்லை. அன்றும் அவர் அழவில்லை. புகை என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் எழுதச் சொன்னேன்," என்றார். "நீ சூரியநெல்லின்னுதான் எழுதப் போன."

"விடுங்கப்பா. வேற வேலை வராமலா போவும்?"

சொல்லிவிட்டு அவள் கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். அந்த வருஷம் அவளுக்கு அப்பா மேல் கோபமே வரவில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். பாத்திரங்களை அவள் வைத்த சத்தத்திலேயே அது தெரிந்தது. ஆனால் யாரைக் கோபித்து என்ன? அதற்குள் அந்தப் பதினைந்து நாள் முடிந்துவிட்டது. டைப்பிஸ்ட் வேலைக்குத் தொடுபுழையிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்ததாகக் கேள்விப்பட்டார்கள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதாம். இருந்தும் சொந்த ஊர் அவளுக்குத் தகராறு இல்லாமல் இருந்திருக்கிறது.

*

செப்டம்பர் கடைசி நாள் காலையில் எஸ்டேட் ஆபீஸ் ஜன்னல் முன்னால் மூன்று பேர் நின்றார்கள். சூசையப்பன், சிசிலி, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சிலுவைராஜ். வழக்கப்படி பழைய ஆள் கத்தியையும் கம்பளியையும் ஒப்படைக்க வேண்டும், புது ஆள் கூடையும் கம்பளியும் வாங்கிக்கொள்ள வேண்டும். சூசையப்பன் கத்தியை மேஜைமேல் வைத்தார். முதல் நாள் ராத்திரி தீட்டியிருந்தார். ஒப்படைக்கிற கத்தியை யாராவது தீட்டுவார்களா என்று மதலேனம்மாள் கேட்டும் நிறுத்தவில்லை.

சிலுவைராஜ் தலையை நிமிர்த்தாமல் ரோலை எடுத்தான். "பேரு."

"தெரியாதாண்ணே?"

"கேக்கணும் சிசிலி. முறை."

சொன்னாள். அப்பா பேர் சொன்னாள். வயது சொன்னாள். படிப்பு என்று அதில் இடம் இல்லை.

"சொந்த ஊரு?"

எப்போதும் இந்தக் கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்கிற சூசையப்பன் மேஜைமேல் கிடந்த கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிசிலி அவரைப் பார்த்தாள். மழை விட்டு, ஓட்டிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"சூரியநெல்லின்னு எழுதுய்யா," என்றார் சூசையப்பன்.

சிலுவைராஜ் பேனாவை வைத்துவிட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எழுத முடியாது சித்தப்பா."

"ஏன்? அவ இங்க பொறந்தா. நான் இங்க பொறந்தேன். இனி பனைவிளைக்கு நான் ஏன் போவப்போறேன்? எழுது."

"லயத்த சொந்த ஊருன்னு எழுதினா, நாளைக்குப் பேரு வெட்டி எறங்குன்னு சொல்லும்போது எறங்கமாட்டீய. என் சொந்த ஊருலேருந்து நான் எங்க போவன்னு நிப்பீய. அதனால யாருக்கும் எழுதக்கூடாதுன்னு பழைய தொரை காலத்துலேருந்து சொல்லி வச்சிருக்காவ. எனக்கே வேலைக்குச் சேந்த பொறவுதான் சொன்னாவ." ரோலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அன்னைக்கு ஒங்க வீட்டுல ஒக்காந்து எழுதும்போது இது எனக்கு ஞாபகம் வரல சித்தப்பா. பழக்கத்துல அப்படியே சொல்லிட்டேன்."

தம் அப்பனும் தாமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த பேர், தம்மை இறக்கிவிடுவதற்காக வேறொருவன் எழுதி வைத்தது என்பது அன்றைக்குத்தான் சூசையப்பனுக்குத் தெரிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டார்.

சிலுவைராஜ் எழுதினான். சிசிலி அதைத் தலைகீழாகவே வாசித்தாள். பனைவிளை, திருநெல்வேலி ஜில்லா. அவள் பார்த்தே இராத ஊர். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. கூடையை வாங்கிப் பட்டையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள், நீளமாக இருந்தது, ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு ஏழாம் நம்பர் காட்டில் கொழுந்து. மற்றவர்கள் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஏறினாள்.

சூசையப்பன் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்துக்கு அவர் வீட்டில் இருந்ததே இல்லை, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடையில் நின்றார்.

"பேரு போட்டாச்சா?" என்றாள் மதலேனம்மாள், இருமலுக்கு நடுவில்.

"ஆச்சு."

"ஊரு என்னன்னு எழுதினாவ?"

"நம்மள அனுப்ப வேண்டிய ஊர எழுதிக்கிட்டாவ," என்றார் சூசையப்பன். பிறகு, அடுப்பில் வெந்நீர் இருக்கிறதா என்று கேட்டார்.